ஆவரேஜ் சுயம்பு எடுத்த கேஸ் வண்டி

தாராவி நைன்டி ஃபீட் ரோட்டில் போய் சுயம்பு வீடு எது என்று கேட்டால், எந்த சுயம்பு என்று திருப்பிக் கேட்பார்கள். ஆவரேஜ் சுயம்பு என்றால் போதும், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிடுவார்கள். ஒரு வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதற்கு பம்பாயில் ஆவரேஜ் என்றுதான் பேர். அதில் சுயம்புவை மிஞ்ச ஆள் கிடையாது.

திசையன்விளைப் பக்கத்திலிருந்து பதினேழு வயசில் தாய்மாமனோடு ரயிலேறி வந்தவர் அவர். மாமன் தோல் கம்பெனியில் இருந்தார். சுயம்புவுக்கு அந்த வாடை ஒத்துக்கொள்ளவில்லை, டெம்போவில் கிளீனராக ஏறிவிட்டார். அவருடைய அப்பாவோடு கூடப்பிறந்த தங்கச்சி செல்லக்கனி. அந்தச் செல்லக்கனிக்கு மூத்தவள் முத்துமாரி, கடைசி இசக்கி. நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அத்தை மகள்தானே என்று முத்துமாரியைச் சுயம்புவுக்குக் கட்டிவைத்தார்கள். இசக்கியும் கொஞ்ச நாளில் அக்காவைத் தேடி வந்து, அவள் கைச்சோறு தின்று, அத்தானிடமே ஸ்டியரிங் பிடிக்கப் படித்து, இப்போது புனே லைனில் டீசல் பிக்கப் ஓட்டுகிறான்.

சுயம்புவின் தொழில் மாவு ஏற்றுவது. தாராவியில் அரைக்கிற இட்லி மாவை டப்பா டப்பாவாக ஏற்றி, மாட்டுங்கா மெஸ்ஸுகளில் இறக்கி, செம்பூர் கடைகளில் இறக்கி, வாஷி பாலம் தாண்டி கோபர்கைரனே வரை போய்விட்டு வருவார். இடது பக்கத்து சீட்டில் முத்துமாரி இருப்பாள். எந்தக் கடைக்கு எத்தனை டப்பா, எவன் நேற்றைய காலி டப்பாவைத் திருப்பித் தரவில்லை, எல்லாம் அவள் வாயில் இருக்கும். இருபத்திரண்டு வருஷம் அப்படியே போனது.

வண்டியை அவர் ஓட்டுகிற விதமே தனி. சிக்னலில் இன்ஜினை அணைத்துவிடுவார். பாலத்து ஏற்றத்தைக் கண்டால் ரொம்ப முந்தியே கியரைக் குறைத்துவிடுவார், கடைசி நிமிஷத்தில் மிதிக்க மாட்டார். காலியாக ஓட்டுவது அவருக்குப் பாவம் மாதிரி. திரும்பி வரும்போது யாருடைய மூட்டையாவது ஏற்றிக்கொண்டுதான் வருவார். ஒரே ஒரு காலி ஓட்டத்துக்கு மட்டும் மனசார ஒத்துக்கொள்வார். புது வண்டி எடுத்த அன்றைக்கு ஷோரூமிலிருந்து பிள்ளையார் கோயில் வரை ஒரு டப்பா ஏற்றாமல், முத்துமாரி மடியில் தேங்காயோடு இடது பக்கம் உட்கார்ந்திருக்க, மெதுவாக ஓட்டிவருவார். இதுவரை எடுத்த மூன்று வண்டிக்கும் அப்படித்தான். வீட்டுக்காரி உட்காராத வண்டியில் சரக்கு ஏறக்கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

வண்டி வாங்குகிறவர்கள் அவரிடம் கேட்காமல் வாங்க மாட்டார்கள். பழைய இரும்பு வியாபாரம் செய்கிற மெஹராஜ் ஒருதடவை நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப்பைப் பார்த்துவிட்டு வந்து குதித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்வே, நீரு இமயமலைக்கா லோடு அடிக்கப் போறீரு?"

"தாராவிக் குழி அதைவிட மோசம் அண்ணாச்சி."

"குழிக்கு நாலு சக்கரம் இழுத்தாலும் ஒண்ணுதான், ரெண்டு இழுத்தாலும் ஒண்ணுதான். முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் சேத்து நீரு வருஷம் பூரா எண்ணெய் ஊத்தணும். வண்டி என்ன செய்யும்னு கேக்காதேயும். உம்ம ரோடு என்ன கேக்குதுன்னு பாரும்."

எந்த ரோடு, எவ்வளவு பாரம், எத்தனை இடத்தில் நிறுத்தம். இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

முத்துமாரிக்கு முதலில் கால் வீங்கியது. அப்புறம் மூச்சு வாங்கியது. சயான் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் இரண்டு கிட்னியும் போச்சு என்றார். வாரத்தில் மூன்று நாள் மிஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். சுயம்பு அவளை மாவு இறக்கிய வண்டியிலேயே கொண்டுபோய் விட்டு, அதிலேயே கூட்டிவருவார். மற்ற நாளில் வீட்டில் கிட என்றால் கேட்க மாட்டாள்.

"வீட்டுல கிடந்தா சுவத்தையா பாத்துட்டு இருக்கச் சொல்லுதிய? வண்டியில உக்காந்தா நாலு மனுச முகமாவது தெரியும்."

ஆனால் அந்த வண்டியும் அவளை மாதிரியே ஆகிவிட்டிருந்தது. மாவுத் தண்ணீர் ஒழுகி ஒழுகி அடித்தகடெல்லாம் துரு. அவள் கால் வைக்கிற இடத்தில் ஓட்டை விழுந்து, ரோடு தெரியும். அதன் வழியாக சூடும் புகையும் வரும். அவள் சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் காலை வைத்துக்கொள்வாள். வண்டி ஓடத் தகுதியா என்று பார்க்கிற பாசிங்குக்குக் கொண்டுபோனபோது ஆபீசர் குனிந்து ஒருதடவை பார்த்தார், தேறாது என்று தலையை ஆட்டி அனுப்பிவிட்டார். இருக்கிற பேப்பர் முடிய இரண்டு மாசம்தான் இருந்தது.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது முத்துமாரி சொன்னாள், "புது வண்டியில ஒரு தடவை தேங்காய மடியில வச்சு உக்காந்துட்டேன்னா போதும் அத்தான். பெறவு என்ன ஆனா என்ன."

"கூறுகெட்டுப் பேசாத. சோத்தைத் தின்னு."

அவர் அதட்டினார். ஆனால் அந்தச் சொல் அவருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

செம்பூர் ஷோரூமுக்கு இரண்டு பேருமாகப் போனார்கள். நிகில் என்று ஒரு பையன், மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டு வீட்டுப் பிள்ளை. தமிழ் பேசுவான், படிக்க வராது. நாற்காலி கொண்டுவந்து முத்துமாரியை உட்காரவைத்தான்.

கரண்டு வண்டியைத்தான் முதலில் காட்டினான். சுயம்பு சிரித்துவிட்டார். "தம்பி, நான் இருக்கது மாடி வீடு. ஜன்னல் வழியா வயரைத் தொங்கவிட்டா சந்துல போறவன் அதுல சட்டை காயப்போட்டுருவான்."

மிச்சம் இருந்தது டீசலும் கேஸும். வெளியே வெள்ளை நிறத்தில் ஒரு டீசல் பிக்கப் கழுவித் துடைத்து நின்றது.

"இது ரெடி ஸ்டாக் அங்கிள். பேப்பர் முடிஞ்சா இந்த வாரமே எடுத்துண்டு போலாம். சிஎன்ஜி கேஸ் வண்டி வேணும்னா வெயிட்டிங் இருக்கு. நாப்பத்தஞ்சு நாள்."

முத்துமாரி எழுந்து அந்த வெள்ளை வண்டியிடம் போனாள். நிகில் கதவைத் திறந்து, கை கொடுத்து ஏற்றிவிட்டான். சீட்டைத் தடவிப் பார்த்தாள். கீழே ஓட்டை இல்லாத தரையைப் பார்த்தாள்.

"அத்தான், இதுவே நல்லாத்தானே இருக்கு?"

சுயம்பு வண்டியைச் சுற்றிவந்தார். அவர் மனசு அப்போது வேறு எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டம் தாராவியிலிருந்து கோபர்கைரனே வரை. மலை கிடையாது, வாஷி பாலம் ஒன்றுதான் ஏற்றம். முப்பது இடத்தில் நிறுத்தம். நின்று நின்று போகிற வண்டிக்கு டீசல் குடி ஜாஸ்தி. கேஸுக்கு இழுவை கொஞ்சம் கம்மி, சிலிண்டர் பாரத்தில் நாலு டப்பா குறைத்து ஏற்ற வேண்டும். ஆனாலும் கிலோமீட்டருக்கு ஆகிற செலவு டீசலைவிட ரொம்பக் கம்மி. அந்த மிச்சத்தில் மாசம் இரண்டு தடவை மிஷினுக்குக் கட்டிவிடலாம். அஞ்சு வருஷத்துக்கு அப்படிக் கட்டலாம். அவர் அவளுக்காகத்தான் கணக்குப் போட்டார். போட்ட கணக்கு அஞ்சு வருஷத்துக்கு.

"கேஸே புக் பண்ணு தம்பி."

 வண்டி விஷயத்தில் அவர் சொல்லுக்கு முத்துமாரி குறுக்கே நின்றதில்லை. இறங்கும்போது மட்டும் கேட்டாள், "கேஸ் வண்டின்னா பம்புல எல்லாரும் கீழ எறங்கணுமாமே. அப்படியா தம்பி?"

"ஆமா ஆன்ட்டி. ஃபில் பண்றச்சே உள்ள யாரும் இருக்கப்படாது. அது ரூல்."

அவள் தன் காலைக் குனிந்து பார்த்தாள். புடைத்துப்போய், செருப்பு வார் அமுங்கிக் கிடந்தது. டீசல் பம்பில் அவள் ஒருநாளும் இறங்கினதில்லை. சுயம்பு இத்தனை பேருக்கு வண்டி சொன்னவர், பம்பில் யார் இறங்குவார் என்று ஒருத்தரிடமும் கேட்டது கிடையாது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாளே வெல்டிங் கடை ரோஷனிடம் போனார். இரண்டு படி வைத்து, மடக்கி வைக்கிற மாதிரி ஒரு இரும்பு ஏணிப்படி. பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் கம்பி. படிமேல் ரப்பர் ஒட்டச் சொன்னார். பச்சை பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்து, பழைய வண்டியின் இடது பக்கம் போட்டு அவளை ஏறச் சொன்னார். சந்தில் எல்லாரும் கூடிவிட்டார்கள். முத்துமாரி கம்பியைப் பிடித்து இரண்டு படியும் ஏறி உட்கார்ந்து, எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"என்னளா, எப்படி?" என்றார் சுயம்பு.

"விமானத்துல ஏறுத மாதிரி இருக்கு. சாயா கொண்டு வரச்சொல்லுங்க."

அன்றைக்கு அவள் சிரித்ததுதான் கடைசிச் சிரிப்பு என்று மகள் பிரேமலதா சொல்லுவாள். பிரேமலதாவை முலுண்டில் கட்டிக்கொடுத்திருந்தது. மருமகன் மகேஷ்குமார் ஆபீசுக்குப் போகிறவர். அவள் தினமும் போன் பண்ணி அப்பாவிடம் சண்டை பிடிப்பாள். "பப்பா, அந்த டீசலையே எடுங்களேன். அம்மா முடியாம இருக்கா. ஆவரேஜ் ஆவரேஜ்னு என்ன பப்பா இது!"

"நாள் போயிருச்சும்மா. இன்னும் ரெண்டு வாரம்தானே."

முத்துமாரி சுவரில் தொங்கின காலண்டரில் தினம் ஒரு தேதியைச் சுழித்துவந்தாள். முப்பத்தெட்டு நாள் சுழித்திருந்தாள். முப்பத்தொன்பதாம் நாள் காலையில் மிஷினில் படுத்திருக்கும்போதே இருதயம் நின்றுவிட்டது. சுயம்பு வெளியே வண்டியில் காலி டப்பாக்களோடு காத்திருந்தார். நர்ஸ் வந்து கூப்பிட்டபோது, சீக்கிரம் முடிந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அவளை எடுத்த பிறகு ஏழாம் நாள் போன் வந்தது. இசக்கி பக்கத்தில் இருந்தான். ஸ்பீக்கரில் நிகிலின் குரல் சந்தோஷமாகக் கேட்டது.

"அங்கிள், கங்கிராட்ஸ்! உங்க வண்டி வந்தாச்சு. ஆன்ட்டியைக் கண்டிப்பா கூட்டிண்டு வாங்கோ, சாவி குடுக்கறச்சே ஃபோட்டோ எடுக்கணும்."

சுயம்பு போனைக் கையில் வைத்தபடியே இருந்தார்.  இசக்கிதான் வாங்கி, வெளியே போய் விஷயத்தைச் சொன்னான். உள்ளே வந்தவனுக்குத் தாங்கவில்லை.

"அந்த வெள்ளை வண்டிய எடுத்திருந்தியள்னா, எங்க அக்கா ஒரு நாளாவது உக்காந்திருப்பா அத்தான். ஒரே ஒரு நாளு."

பிரேமலதா ஓடிவந்து மாமன் வாயைப் பொத்தினாள். சுயம்பு அவனைக் கோபிக்கவில்லை. "ஆமா மாப்ள" என்றார். அவ்வளவுதான். இசக்கி அவர் காலடியில் உட்கார்ந்து அழுதான்.

வண்டியே வேண்டாம் என்றுதான் இருந்தார். பதினாறு கழிந்தபிறகு மகள்தான் பேசிப் பேசி அனுப்பினாள். பழைய வண்டிக்குப் பேப்பர் முடியப்போகிறது, மாவுக்காரர்கள் எத்தனை நாள் வேறு ஆளை வைப்பார்கள்? சாவு விழுந்த வருஷம், நல்ல காரியம் கிடையாது. ஆகையால் மாலை இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை, தேங்காய் இல்லை. நிகில் தலையைக் குனிந்துகொண்டு சாவியைக் கொடுத்தான். நான் கூட வருகிறேன் என்று இசக்கி இடது பக்கக் கதவைத் திறக்கப் போனான்.

"வேண்டாம் மாப்ள. நீ உன் வண்டியில வா."

பச்சைப் படியை மட்டும் எடுத்து அந்த சீட்டில் வைத்தார்.

புது வண்டியில் கேஸ் கொஞ்சம்தான் இருந்தது. செம்பூர் பம்பில் நீள வரிசை. முக்கால் மணி நேரம் நின்று முறை வந்தபோது, பம்புக்காரப் பையன் வழக்கம்போல கத்தினான், "நீச்சே உத்ரோ, சப் நீச்சே உத்ரோ!" எல்லாரும் இறங்கு என்கிறான். சுயம்பு இறங்கினார். இறங்கினவர் வண்டியைச் சுற்றிப் போய் இடது பக்கக் கதவைத் திறந்தார். படியை எடுத்து விரித்துத் தரையில் வைத்தார், ஆடாமல் இருக்கிறதா என்று கம்பியைப் பிடித்து அசைத்தும் பார்த்தார். அப்புறம் கையை நீட்டினார்.

பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தர் கோன் ஹை, சாச்சா?" என்றான்.

உள்ளே யார் என்று கேட்கிறான். சுயம்பு கையை மடக்கிக்கொண்டார். பின்னால் நின்ற ஆட்டோக்காரர்கள் ஹார்ன் அடித்தார்கள்.

அந்த வண்டி இன்றைக்கும் ஓடுகிறது. அவர் சொன்னதற்கு மேலேயே ஆவரேஜ் தருகிறது என்று இசக்கி சொல்லுகிறான். அவர் அதைப் பார்ப்பதில்லை. சந்துக்காரர்கள் யோசனை கேட்க வருவதும் நிற்கவில்லை. போன மாசம் காய்கறி ஏற்றுகிற உதுமான் வந்தார்.

"அண்ணாச்சி, பிக்கப் எடுக்கணும். டீசலா கேஸா? தாதர் மார்க்கெட்டுலேருந்து முலுண்ட் வரைக்கும் ஓட்டம், ஒரு டன்னு லோடு, இருபது இடத்துல நிறுத்தம்."

வழக்கமான மூன்று கேள்விக்கும் பதிலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். சுயம்பு நாலாவதாக ஒன்று கேட்டார்.

"இடது பக்கத்து சீட்டுல யாரு உக்காருவா?"

"யாரு உக்காரப் போறா? கூடை வைப்பேன்."

"அப்ப கேஸ் எடும்."

"யாராவது உக்காந்தா?"

"உக்காந்தா, எந்த வண்டி இன்னைக்கு ஷோரூம்ல ரெடியா நிக்குதோ அதை எடும்" என்று சொல்லிவிட்டு, அவர் டப்பா ஏற்ற எழுந்து போனார்.