கறிவேப்பிலைச் செடி குடித்த காப்பி

பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். தினமும் காலையில் பக்கத்து வீட்டுக்காரி அதன்மேல் எனக்கென்று ஒரு டம்ளர் காப்பி வைப்பாள். கன்னடக்காரி. காப்பியில் மட்டும் அவளை நான் ஜெயித்ததில்லை. மற்ற சமையலில் எல்லாம் ஜெயித்திருக்கிறேன்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஸ்கிசோஃப்ரினியா என்று டாக்டர் சீட்டில் இருக்கும். என் படிப்புக்கு அதை எழுத்துக்கூட்டவே அரைநாள் ஆகும். மாத்திரை சாப்பிட்டால் அடங்கிக் கிடக்கும், சில சமயம் தலை தூக்கும். பெரிய மகள் கல்யாணத்தின்போது தூக்கியது. அவள் கழுத்தில் தாலி ஏறியபோது நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தேன். அந்தக் கல்யாணத்தை போட்டோவில்தான் பார்த்தேன்.

தேறிய பிறகு டாக்டரம்மா கேட்டார், "திரும்ப வர்றதுக்கு முன்னாடி, முதல்ல என்ன மாறும்?"

"கத்துவா" என்றார் வீட்டுக்காரர்.

துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி தொண்டையைச் செருமினாள். "அதெல்லாம் அப்புறம் டாக்டரே. பத்து நாள் முன்னாடியே அக்கா என் காப்பியைக் குடிக்காது. கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்திடும். நான் ஜன்னல்ல பார்ப்பேன்."

"பார்த்தியா? ஏன்டி சொல்லல?" என்றேன் நான்.

"என் காப்பி நல்லால்லைன்னு நெனச்சேன் அக்கா. அவமானமாப் போச்சு. டிகாஷனைக் கூட்டிக்கிட்டே போனேன்!"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அதான் உங்க அடையாளம். கை செடிப் பக்கம் போனா அன்னைக்கே வாங்க" என்றார்.

போன தை மாதம் சின்ன மகளுக்குக் கல்யாணம். பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒரு காலை டம்ளரை எடுத்தேன். இதில் இவள் என்னவோ கலந்திருக்கிறாள் என்று தோன்றியது. பாதி காப்பி மண்ணில் விழுந்த பிறகுதான் சுருக்கென்றது. மறைத்துவிடலாமா என்று பார்த்தேன். சொன்னால், என்னை மணமேடையில் நிறுத்தலாமா என்று நாலு பேர் பேசுவார்கள். எனக்கு ரோஷம் ஜாஸ்தி. ஆனால் இன்னொரு கல்யாணத்தையும் போட்டோவில் பார்க்க என்னால் ஆகாது.

டம்ளரால் சுவரைத் தட்டினேன். "ஏய், காப்பியில என்னடி போட்டே?"

எட்டிப் பார்த்தவள் ஈர மண்ணையும் பார்த்துவிட்டாள். "சர்க்கரைதான் அக்கா, ரெண்டு ஸ்பூன். நீ செருப்பை மாட்டு, நான் ஆட்டோ கூப்பிடறேன்."

கல்யாண ஓட்டத்தில் நாலைந்து நாள் ராத்திரி மாத்திரை விட்டுப்போனதை டாக்டரம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். மருந்தைச் சரிசெய்தார், நேரத்துக்குத் தூங்கச் சொன்னார். "நீங்களாவே வந்துட்டீங்களே" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீடு திரும்பியதும் வீட்டுக்காரர் என்னிடமிருந்த கல்யாணப் பத்திரிகைக் கட்டை வாங்கிக்கொண்டார். "அலைச்சல் எனக்கு. நீ உட்கார்ந்து அதிகாரம் பண்ணு, அது உனக்கு நல்லா வரும்."

கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தேகம் கரைந்தது. முகூர்த்தத்தன்று அரக்குப் பட்டுப் புடவையில் மகளை ஒட்டி நின்றேன். கெட்டிமேளம் கொட்ட, என் கையாலேயே அட்சதை போட்டேன்.

"கொஞ்சம் தள்ளுங்கம்மா, மறைக்குது" என்றார் போட்டோக்காரர்.

"நான் தள்ள மாட்டேன். நீ தள்ளிக்கோ."

பக்கத்து வீட்டுக்காரி காப்பியோடு வந்து, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரே மடக்கில் குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன்.

"டிகாஷன் கம்மிடி" என்றேன்.