இரண்டாவது வெள்ளைப் புள்ளி

அம்மாவைக் கடைத்தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெள்ளைப்பேப்பர் அக்கா என்றால்தான் தெரியும். பழைய கேமரா லென்ஸோ பைனாகுலரோ யார் கொண்டுவந்து நீட்டினாலும் அவள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை ஒன்றுதான்: "அந்த வெள்ளைப் பேப்பரை எடு."

கடை மாமாவுடையது. அம்மாவுக்கு அண்ணன். முன்னால் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னே நின்று பேசுவது மாமா, பின்னறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பது அம்மா. "நான் வாய், இவ கண்ணு" என்று மாமா சொல்வார். "வாய் கொஞ்சம் ஓய்வெடுத்தா கண்ணு நிம்மதியா வேலை பார்க்கும்" என்று உள்ளேயிருந்து பதில் வரும். மகள் சிறுமியாக இருந்தபோதும் இதே பேச்சுதான். மகள் படித்து, ஒரு தொழிற்சாலையின் அளவுச் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கடைக்கு வர ஆரம்பித்த பிறகும் இதே பேச்சுதான்.

அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே, கூரைகளுக்கு அப்பால், ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் பக்கவாட்டில் துருப்பிடித்த இரும்பு ஏணி. இரண்டு பைனாகுலர்களை ஒப்பிட வேண்டுமென்றால் அம்மா இரண்டிலும் அந்த ஏணியைத்தான் பார்ப்பாள். பார்ப்பதற்கு முன் இரண்டின் மேலும் இருக்கும் கம்பெனிப் பேரைக் கறுப்பு டேப்பு ஒட்டி மறைத்துவிடுவாள். "பேரைப் படிச்சுட்டா கண்ணு அதுக்கு ஜால்ரா போடும்." ஏணியின் படிகள் நடுவில் எவ்வளவு துல்லியம், ஓரத்தில் எவ்வளவு வளைகிறது, துரு எந்த நிறம். மாற்றி மாற்றிப் பார்ப்பாள். பிறகுதான் டேப்பை உரிப்பாள். பெரிய பேர் தோற்று, ஊர் பேர் தெரியாதது ஜெயிக்கும் நாட்களில் அவள் முகத்தில் வரும் சிரிப்பை மகள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள்.

பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்துக் கண் வைக்கும் பக்கத்தைப் பார்த்தால் அங்கே சிறிய ஒளிவட்டம் தெரியும். வட்டம் முழு வட்டமாக இருந்தால் உள்ளே இருக்கும் முக்கோணக் கண்ணாடி உயர்ந்த ரகம். நான்கு பக்கமும் நறுக்கியதுபோல் சாம்பல் நிழல் விழுந்தால் மட்டம். லென்ஸைக் குழல்விளக்கின் கீழே சாய்த்தால் விளக்கின் பிம்பம் நீலமா, ஊதாவா, வெறும் வெள்ளையா என்பதிலிருந்து மேல்பூச்சு எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாம். ஒருமுறை ஒருவர், போர்க்காலத்து ராணுவ பைனாகுலர் என்று ஒன்றைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். அம்மா வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "ஐயா, இவ்வளவு மினுமினுன்னு பெயிண்ட் அடிச்சா எதிரிக்குத்தான் முதல்ல தெரியும்" என்றாள். வந்தவரே சிரித்துவிட்டார்.

ஆனால் அவளுடைய தனி ராஜ்யம் லென்ஸ் மஞ்சள். பழைய லென்ஸ்கள் சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. வருடங்கள் ஆக ஆக அது உள்ளுக்குள்ளேயே மஞ்சளாகும், தேநீர்க் கறை மாதிரி. வெள்ளைப் பேப்பரின் மேல் லென்ஸை வைத்து, அதன் வழியாகத் தெரியும் பேப்பரையும் பக்கத்துப் பேப்பரையும் அவள் ஒப்பிடுவாள். இரண்டும் ஒரே வெள்ளை என்றால் பின்மூடியில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு புள்ளி. புள்ளி இருந்தால் யாரும் மறுபடி சோதித்துப் பார்ப்பதில்லை. மூடியைக் கழற்றாமலே வாங்கிப் போவார்கள். வெளியூர்க் கடைகளில்கூட, "அக்கா புள்ளி இருக்கா?" என்று கேட்டார்கள்.

அந்தப் புள்ளியைப் பற்றி முதன்முதலாகக் குறை சொன்னவன் சுருட்டை. கல்யாணங்களுக்குப் படமெடுப்பவன். தலையில் சுருட்டை முடி இருந்த காலத்தில் வைத்த பேர். முடி போய் ரொம்ப நாளாகிறது, பேர் மட்டும் நிற்கிறது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்க புள்ளி வெச்சுக் குடுத்த லென்ஸ் மஞ்சளடிக்குது."

"விளக்கு மஞ்சளா இருந்திருக்கும்."

"இன்னொரு லென்ஸை மாட்டி அதே இடத்துல, அதே செட்டிங்ல எடுத்தேன் அக்கா. அதுல இல்ல."

அம்மா லென்ஸை வாங்கிப் பேப்பர் மேல் வைத்தாள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். "பால் மாதிரி இருக்கு. முதல்ல உன் கண்ணைக் காட்டிட்டு வா, தம்பி. முடி போனவனுக்குப் பார்வையும் போகும்போல." கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். சுருட்டை முகத்தில் ஈயாடவில்லை. லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

பிறகு ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. எதிரே வரும் வண்டி வெளிச்சம் சிதறுகிறது என்று அம்மா சொல்ல, மகள் கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது கண்ணுக்கு அறுவை, இடது கொஞ்சம் கழித்து என்றார். அறுவை முடிந்தது. வீட்டில் இருக்கச் சொன்ன காலம் முழுக்க அப்பா சொட்டு மருந்தும் கையுமாக அவளைத் துரத்திக்கொண்டிருந்தார். "இந்த மனுஷன் எனக்குத் தாலி கட்டினாரா, மருந்துக் கடையில சேர்ந்தாரா?" என்று அம்மா அலுத்துக்கொண்டாள்.

கடைக்குத் திரும்பிய முதல் நாள் ஒரு ஞாயிறு. மகளும் கூட வந்திருந்தாள். மேசையில் மாமா இரண்டு பைனாகுலர்களை எடுத்து வைத்திருந்தார். ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். அம்மா உற்சாகமாக டேப்பு ஒட்டினாள். முதலாவதைத் தூக்கி ஏணியைப் பார்த்தாள்.

"அண்ணே, இதுல யாரோ கை வெச்சிருக்கான். இடது குழல்ல வேற கண்ணாடி போட்டிருக்கான். மஞ்சளா இருக்கு. வலது குழல் சுத்தம்."

இரண்டாவதைத் தூக்கினாள். "அட, இதுலயும் இடதுதான் மஞ்சள். ரெண்டையும் ஒரே படுபாவி கெடுத்திருக்கான்!"

"ஆளைக் கண்டுபிடிச்சு வேலைக்கு வெச்சுக்கலாமா?" என்றார் மாமா.

பைனாகுலரில் குறை எந்தக் குழலில் என்று உறுதி செய்ய அம்மாவுக்கு ஒரு வழி உண்டு. அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடிப்பாள். இடது குழல் வலது கண்ணுக்கு வந்துவிடும். குறை குழலில் இருந்தால் அதுவும் கூடவே இடம் மாறும்.

திருப்பிப் பிடித்தாள். பார்த்தாள். மறுபடி நேராகப் பிடித்தாள். மறுபடி தலைகீழாக.

மஞ்சள் இடம் மாறவில்லை. இடது கண்ணிலேயே இருந்தது.

பைனாகுலரை மெதுவாகக் கீழே வைத்தாள். வெள்ளைப் பேப்பரை எடுத்து ஜன்னலோரம் பிடித்தாள். இடது கண்ணை மூடிப் பார்த்தாள். வலது கண்ணை மூடிப் பார்த்தாள். மகளுக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. மாமாவுக்குப் புரியவில்லை.

"பைனாகுலர் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அம்மா. "என் கண்ணுதான் மஞ்சளாயிருக்கு. எத்தனை வருஷமாவோ."

எழுந்து அலமாரிக்குப் போனாள். புள்ளி வைத்து விற்பனைக்கு இருந்த லென்ஸ்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். வலது கண்ணால் மட்டும் பார்த்தாள். நல்லவை ஒரு பக்கம் போயின. மற்றப் பக்கமும் சேர்ந்துகொண்டே வந்தது. கடுமையான மஞ்சள் எதுவும் அவளை ஏமாற்றியிருக்கவில்லை. இளமஞ்சள்தான் ஏமாற்றியிருந்தது. மஞ்சள் கண்ணாடி போட்டவருக்கு வெளுத்த மஞ்சள் எப்படித் தெரியும்?

"சரி, இதுங்க புள்ளியை அழிச்சுடு. விஷயம் முடிஞ்சது" என்றார் மாமா.

"வித்தது?"

"வித்தது வித்ததுதான். வாங்கினவன் எவனாவது வந்து கேட்டானா? அவனவன் சந்தோஷமாப் படமெடுத்துக்கிட்டு இருக்கான்."

"சுருட்டை வந்து கேட்டான். கேட்டவனை என்ன சொல்லி அனுப்பினேன்?"

"அவன் மறந்திருப்பான்."

"நான் மறக்கலையே. அண்ணே, அந்தப் புள்ளியை நம்பி எல்லாரும் மூடியைக் கழற்றாம வாங்குறாங்க. அது என் வார்த்தை. பலகை எழுதி வெச்சு, வித்ததைத் திருப்பிக் கூப்பிடணும். உன் கடைக்குக் கெட்ட பேர் வரும், தெரியும். வேணும்னா நான் வெளியில மேசை போட்டு உக்காந்துக்கறேன்."

மாமா, "வெயில்ல உக்காந்து புதுக் கண்ணையும் கெடுத்துக்கோ" என்று முணுமுணுத்துவிட்டு, பலகையும் பெயிண்டும் எடுக்கப் போனார்.

பலகையில் அம்மாவே எழுதினாள்: இங்கே வெள்ளைப் புள்ளியோடு வாங்கிய லென்ஸ்களைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். மஞ்சளை வெள்ளை என்று சொன்னது என் கண். சரிசெய்து தருவது என் பொறுப்பு.

எதிர்க்கடைக்காரர் வேடிக்கை பார்க்கத் தன் ஆட்களோடு வந்தார். "என்ன அக்கா, கண்ணு தெரியாத கடைன்னு நீங்களே பலகை மாட்டிட்டீங்க?"

"ஆமா. உங்க கடைக்கும் ஒண்ணு எழுதித் தரட்டுமா? பெயிண்ட் மிச்சமிருக்கு."

மறுநாளே அம்மா சுருட்டையின் வீட்டுக்குப் போனாள். மகளும் லீவு போட்டுக் கூடப் போனாள். வாசலிலேயே, அவன் மனைவி, மாமியார் எல்லோரும் கேட்கும்படி, "தம்பி, உன் கண்ணு சரி. என் கண்ணுதான் தப்பு" என்றாள். சிரித்தது கடை முழுக்க, அதனால் இதையும் நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும் என்பது அவள் கணக்கு. சுருட்டை பதறிப்போய், "ஐயோ அக்கா, உள்ள வாங்க" என்றான். பிறகு தலையைத் தடவிக்கொண்டு, "முடி விஷயத்தையும் வாபஸ் வாங்குவீங்களா?" என்றான்.

"அது கண்ணெதிர்லயே தெரியுதே, தம்பி."

லென்ஸ்கள் வர ஆரம்பித்தன. இந்த மஞ்சளுக்கு மருந்து வெயில்தான். வாரக்கணக்கில் வெயிலில் வைத்தால் கண்ணாடி மெல்ல வெளுக்கும். பின்பக்கம் அலுமினியத் தாளால் மூட வேண்டும். இல்லாவிட்டால் லென்ஸ் வெயிலைக் குவித்து எதையாவது எரித்துவிடும். ஜன்னல் திண்டு முழுக்க லென்ஸ்கள் வரிசையாக வெயில் காய்ந்தன. ஒன்றுக்கு மட்டும் தாள் நழுவி, பக்கத்தில் தொங்கிய மாமாவின் சட்டையில் ஒரு கரும்பொட்டு விழுந்தது. "சட்டைக்கும் புள்ளி வெச்சுட்டியேம்மா!" என்றார் மாமா. அந்தச் சட்டையைத்தான் அவர் அதன் பிறகு கடைக்கு அடிக்கடி போட்டுவந்தார்.

இடது கண்ணுக்கு அறுவை செய்ய டாக்டர் கூப்பிட்டபோது அம்மா தள்ளிப்போட்டாள். "தப்புப் பண்ணின கண்ணு சாட்சிக்குக் கொஞ்ச நாள் இருக்கட்டும், டாக்டர்." வேடிக்கைக்காக மட்டும் சொன்னதல்ல. திரும்பி வந்த ஒவ்வொரு லென்ஸையும் முதலில் பழைய கண்ணால் பார்த்தாள், அப்புறம் புதிய கண்ணால். பழைய கண்ணுக்கு எந்த அளவு மஞ்சள் வரை தெரியாமல் போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான், எந்த மாதிரி லென்ஸ்களைத் தேடிப் பிடித்துத் திருப்பிக் கூப்பிட வேண்டும் என்று தெரியும். மகளின் சோதனைக்கூடத்தில் ஒரு கருவி பிசகியது தெரிந்தால், அது அளந்த பொருட்களை எல்லாம் திருப்பி அழைப்பார்கள். அதற்கு விதி உண்டு, மேலதிகாரி உண்டு, தணிக்கை உண்டு. அம்மாவுக்கு மேலே யாரும் இல்லை. தானே கருவி, தானே தணிக்கை. மகள் இதைத் தன் கூடத்தில் எல்லோரிடமும் சொன்னாள். தன் அம்மா என்று சொல்லித்தான் சொன்னாள்.

வெளுத்த லென்ஸ்களில், பழைய புள்ளிக்குப் பக்கத்தில் அம்மா இரண்டாவது புள்ளி வைத்தாள். பழையதை அழிக்கவில்லை. "தப்பும் தெரியட்டும், திருத்தினதும் தெரியட்டும்." கடைத்தெரு எதிர்பார்த்தது வேறு. நடந்தது வேறு. கொஞ்ச நாளில் ஆட்கள் கேட்டு வந்தது ரெண்டு புள்ளி லென்ஸைத்தான். புதிதாக வந்த ஒரு லென்ஸுக்கு நேரடியாகவே ரெண்டு புள்ளி வைக்கலாமே என்று மாமா கெஞ்சிப் பார்த்தார். அம்மா பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அத்தோடு விட்டார்.

இடது கண்ணும் பிறகு சரியானது. நல்ல பார்வையோடு சில வருடங்கள் வேலை பார்த்தாள்.

போன மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள். நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கவில்லை. பின்னறை மேசையில் டேப்பு ஒட்டிய இரண்டு பைனாகுலர்கள் இருக்கின்றன. எது நல்லது என்று அவள் சொல்லவில்லை. டேப்பை மகள் இன்னும் உரிக்கவில்லை.

துக்கம் கேட்டுக் கூட்டம் வந்து ஓய்ந்தபின், வெளியூரிலிருந்து ஒருவர் லென்ஸைத் துடைத்துத் தரச் சொல்லிக் கடைக்கு வந்தார். பலகை விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாது. பையிலிருந்து எடுத்த லென்ஸில் ஒற்றைப் புள்ளி. மகள் பேப்பர் மேல் வைத்தாள். இளமஞ்சள். நடந்ததைச் சொன்னாள். விட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அலுமினியத் தாள் சுற்றி, ஜன்னல் திண்டில், அம்மா வைக்கும் அதே இடத்தில் வைத்தாள். ஞாயிறுதோறும் வந்து பார்த்தாள். வெயில் தன் வேலையைச் செய்தது.

அவர் திரும்பி வந்தபோது மாமா பெயிண்ட் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். அதே புள்ளிச் சட்டை. "வை, கண்ணு. ரெண்டாவது புள்ளி. உங்கம்மா வெச்ச மாதிரியே இருக்கட்டும்."

"வேண்டாம் மாமா. அம்மா பார்க்காததுக்கு அம்மா புள்ளி வேண்டாம்."

மாமா டப்பாவை மூடினார். மூடி இறுகிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தார்.

வெளியூர்க்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு புள்ளிதான் இருக்கு. அது தப்புன்னு நீங்களே சொல்றீங்க. அப்போ நான் எதை நம்பி வாங்கிட்டுப் போறது?"

மகள் மேசையில் வெள்ளைப் பேப்பரை விரித்து அதன் மேல் லென்ஸை வைத்தாள். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க. அப்புறம் அடுத்த கண்ணு."

அவர் உட்கார்ந்தார். அம்மாவின் நாற்காலி. குனிந்து, முதலில் இடது கண்ணை மூடிக்கொண்டார்.