நம்பர் மட்டும் மாறணுமுங்க

கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் மலையிறங்கித்தான் ஆகவேண்டும் என்பது எங்கள் பக்கத்து விதி. அதை மீறி நான் மலைமேல் நாகலூரில் வீட்டிலிருந்தே வேலை பார்த்துவந்தேன். மனைவி பக்கத்து எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் வேலைக்கு வரும் ஆட்களுக்கு வருகைப் பேர் போடுகிறவள் சேலத்தில் குடியிருக்க முடியாது. கம்பெனி சர்வர் ஒழுங்காக ஓடும்வரை நான் மேலேயே இருக்கலாம் என்று சேலத்து மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கில்தான் எங்கள் குடித்தனம் நின்றது.

அந்த சர்வரில் இருந்தது நீண்டகால ஆதரவு லினக்ஸ். பல வருஷத்துக்கு எதையும் மாற்றமாட்டோம், பாதுகாப்பில் ஓட்டை விழுந்தால் மட்டும் அடைத்துத் தருவோம் என்று சத்தியம் செய்துகொடுத்த வகை. அதனால் உள்ளே இருந்த பைத்தான் மொழியும் பழசு. எனக்கு அது பிடித்தே இருந்தது.

ஒருநாள் பாதுகாப்புச் சோதனை அறிக்கை வந்தது. சர்வரிலிருக்கும் ஒரு பேக்கேஜ், அதாவது ஒரு மென்பொருள் துண்டு, பழைய பதிப்பு, ஆபத்து என்று சிவப்பில் போட்டிருந்தது. அந்த ஓட்டையை லினக்ஸ்காரர்கள் எப்போதோ பழைய பதிப்பிலேயே அடைத்து அனுப்பிவிட்டார்கள்; நானும் போட்டுவிட்டேன். பதிப்பு எண்ணின் வாலில் ஏதோ சேர்த்ததோடு சரி, எண்ணை மாற்றவில்லை. சோதனைக் கருவிக்கோ வால் கண்ணில் படாது.

மேனேஜருக்கு போனில் விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

“அதெல்லாஞ் சரிங்க. நம்பர் மட்டும் மாறணுமுங்க. அறிக்கை பச்சையா வரலீன்னா நீங்க கீழ வந்து ஆபீசுல உக்காந்துதான் பாக்கோணும்.”

காய்ச்சல் விட்டவனுக்குச் சீட்டைப் பார்த்து இன்னொரு ஊசி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதிய பேக்கேஜ், புதிய பைத்தான் இருந்தால்தான் வேலை செய்வேன் என்றது. போட்டேன். போட்டதோடு நிற்காமல், எரிச்சலில், இனி சர்வர் முழுவதற்கும் இதுதான் பைத்தான் என்று மாற்றியும் விட்டேன். உடனே, அப்டேட் செய்யும் கருவியே முரண்டு பிடித்தது. அதன் பாதி வேலை பழைய பைத்தானை நம்பித்தான் நடந்துகொண்டிருந்ததாம். நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டுகிறவனைக் கதையில் கேட்டிருக்கிறேன். சம்பளத்துக்கு வெட்டியவன் நான்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

“ஏனுங்க, கீழ போவோணுமாட்ட இருக்குதுங்களா?”

“அதெல்லாம் இல்ல. நீ சாப்பிடு,” என்றேன். உண்மையில் நொந்துபோயிருந்தேன். அவள் இல்லாத வீட்டில் பரோட்டா வாங்கித் தின்று வாழ்வதை நினைத்தாலே பயமாக இருந்தது.

பழைய பைத்தானை அதன் இடத்திலேயே திரும்ப உட்காரவைத்தேன். புதியதைப் புதிய பேக்கேஜோடு தனியாக ஓர் ஓரத்தில் வைத்து, எங்கள் புரோகிராம் மட்டும் அதில் ஓடும்படி செய்து, பழைய பேக்கேஜை எடுத்துவிட்டேன். சாயங்காலம் மறுபடி சோதித்தார்கள். அறிக்கை முழுக்கப் பச்சை. முன்பைவிட ஒரு துளியும் கூடுதல் பாதுகாப்பு இல்லை.

மேனேஜரே கூப்பிட்டார். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

“பிரமாதமுங்க! இங்க ஆபீசுல இருக்கற அத்தனை மெசினுக்கும் இதே மாதிரி பண்ணிக் குடுத்துருங்க. அதுக்கெல்லாம் வெளியில இருந்து கனெக்சன் இல்லீங்க, நேர்லதான் உக்காரணும். உங்கள உட்டா ஆளு இல்லீங்க. திங்கக்கெழம துணிமணியோட வந்துருங்க.”

மனைவி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

“பச்சை வந்துருச்சுங்களா?”

“வந்துருச்சு,” என்றேன். “அதனாலதான் கீழ வரச் சொல்றாங்க.”