சேலத்திலிருந்து கட்கிக்கு: ஓர் இ-பாஸும் ஒரு மொட்டைத் தலையும்

ஊரடங்கு ஆண்டில் சேலத்திலிருந்து புனேவுக்குக் காரில் போன கதை இது. தலைச்சன் பிள்ளை பிறந்து மூன்று வாரமாகியும் நான் கையில் தூக்கவில்லை. மனைவி மலர் புனே கட்கியில், அம்மா வீட்டில் இருந்தாள். அவள் அப்பாவுக்கு அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. வீடியோவில் பிள்ளையைப் பார்க்கப் பார்க்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இ-பாஸுக்குப் போனிலேயே விண்ணப்பித்தேன். இழுத்தடிப்பார்கள் என்று பார்த்தால் மறுநாள் மதியமே வந்துவிட்டது. எந்த அலுவலகப் படியும் ஏறவில்லை, யாரையும் கெஞ்சவில்லை. சும்மா சொல்லக் கூடாது, அசந்தே போனேன்! பாஸ் கிடைத்தால் எனக்கு மொட்டை என்று அம்மா முருகனிடம் வேண்டியிருந்தாள். கோயில் மூடியிருந்ததால் கொல்லையிலேயே மொட்டை போட்டு, மீசையும் எடுத்து, முடியை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைத்தோம். கிளம்பும் அவசரத்தில் மலரிடம் சொல்லவில்லை.

கட்கிக்கு ஏறக்குறைய 1,050 கி.மீ. அதிகாலை நான்குக்குக் கிளம்பி, மாலை ஐந்துக்கு மகாராஷ்டிர எல்லையைத் தொட்டேன். பாஸை ஸ்கேன் செய்த போலீஸ்காரர் ஆதார் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் சுருட்டை முடி, முறுக்கு மீசை. நேரில் பூசணிக்காய். வீட்டுக்கு வீடியோ கால் போடு, ஆள் நீதான் என்று அவர்கள் சொல்லட்டும், இல்லையென்றால் வண்டியைத் திருப்பு என்றார் இந்தியில்.

மலர் எடுத்தாள். என் தலையைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"அய்யோ, அத்தை போயிட்டாங்களா! எங்கிட்ட ஏங்க மறைச்சீங்க?"

பெற்றவள் போனால் பிள்ளை மொட்டை போடுவான் என்பது என் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது. வேண்டுதல் என்றால் நம்புகிறாளா? அம்மாவையும் அதே அழைப்பில் சேர்த்தேன். கரண்டியும் கையுமாக வந்தாள் அம்மா.

"அடியே, நான் கல்லு மாதிரி இருக்கேன். பச்ச ஒடம்புக்காரி எதுக்குடி அழுவுற? புள்ளயக் காட்டு!"

மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையைக் காட்டினாள். அவன் தலையிலும் பொட்டு முடியில்லை. எட்டிப் பார்த்த போலீஸ்காரர் முகக்கவசத்துக்குள் சிரித்தார்.

"பாப் பேட்டா தோனோ டக்லா! ஜாவோ பாயி, ஜாவோ."

அப்பனும் மகனும் மொட்டை, போய் வா என்று வழிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கட்கி போய்ச் சேர்ந்ததும் பதினான்கு நாள் மாடியறைத் தனிமை. கீழே பிள்ளை அழுதால் போனில் பாடுவேன், சத்தியமாக, நிறுத்திவிடுவான்.

இப்போது அந்தச் சாலையில் பாஸ் கேட்பாரில்லை, தாராளமாகப் போகலாம். வேண்டுதல் மொட்டையென்றால் மட்டும், கிளம்புமுன் வீட்டுக்கு வீடியோ கால் போடுங்கள். அம்மாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு.