பாஞ்சாலியின் மஞ்சள் காகிதம்

1943ஆம் வருடம் மொரப்பூரில் பால்காரி பாஞ்சாலியை நாலு பேர் முன்னால் கலப்படக்காரி என்று சொன்ன மகா புத்திசாலி நான்தான். ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அப்போது நான் கம்பவுண்டர். அவள் புருஷனை இழந்தவள். இரண்டு மாட்டை வைத்து மூன்று பிள்ளைகளைக் காப்பாற்றினாள். எங்கள் நோயாளிகளுக்குப் பால் ஊற்றியதும் அவள்தான்.

அந்தக் கோடையில் பால் திரியாமல் இருக்கச் சிலர் சலவைச் சோடா கலந்தார்கள். யுத்தத்தால் சீமையிலிருந்து சோதனைக் காகிதம் வரவில்லை. மையொற்றும் தாளை மஞ்சள் தண்ணீரில் நனைத்து உலர்த்தி, கீற்றாக வெட்டி நானே தயாரித்தேன். சோடா இருந்தால் மஞ்சள் சிவக்கும். பாஞ்சாலியின் செம்பில் ஒரு கீற்றை முக்கினேன். சிவந்தது.

"சோடாப் பாலையா நோயாளிக்கு ஊத்தற? நாளையிலிருந்து வராதே!" என்று கத்தினேன். மருந்துக்கு நின்ற வரிசையே திரும்பிப் பார்த்தது. கலப்படம் என்று பெயர் வந்தால் ஒரு வீட்டிலும் வாங்க மாட்டார்கள். மாட்டை விற்க வேண்டியதுதான்.

அவள் அழவில்லை. "மஞ்சளு எதுக்குச் செவக்கும்னு எனக்கே பாடமாங்க?" என்று ஒரு புதுக் கீற்றைப் பிடுங்கினாள். அவளுடைய வியர்த்த விரல் பட்ட இடம் சிவந்தது. அதையே உற்றுப் பார்த்துவிட்டு, கீற்றோடு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் மாட்டையே வாசலுக்கு ஓட்டி வந்துவிட்டாள். கையில் பளபளவென்று காலிச் செம்பு. எங்கள் பானைத் தண்ணீரை அதில் ஊற்றிக் கீற்றை முக்கினாள். சிவந்தது!

"வெறுந் தண்ணிக்கே செவக்குதே, இதுல பாலு எங்கீங்க? கெணறு வத்திப்போச்சு. ஒரு மாசமா சாம்பல்ல தேச்சு, கழுவாம துணியில தொடைக்கிறேன். நேத்து வெரலு பட்டுச் செவந்ததும் அந்தச் சாம்பல்தான். தப்பு அதுதான்."

அட, சாம்பலுக்கும் மஞ்சள் சிவக்குமே! படித்த எனக்கு அது உறைக்கவில்லை. என் கண்ணாடிக் குவளையிலேயே பாலைக் கறந்தாள். கீற்று மஞ்சளாகவே நின்றது.

"நேத்து எத்தனை பேரு முன்னால கத்துனீங்களோ, அத்தனை பேரு முன்னால சொல்லுங்க."

சொன்னேன். வெட்கம் பிடுங்கித் தின்றது; ஆனாலும் உரக்கவே சொன்னேன்.

அன்றைக்கே ஒரு கட்டுக் கீற்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். செம்பையும் எங்கள் ஆஸ்பத்திரித் தண்ணீரில் ஒழுங்காகக் கழுவினாள். வீடு வீடாக முக்கிக் காட்டிய பிறகே பால் ஊற்றினாள். மற்ற பால்காரர்களிடமும் ஜனங்கள் "மஞ்சக் காகிதம் எங்கப்பா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சோடாக்காரர்கள் எடுத்தார்கள் ஓட்டம்!

1948இல் அவளிடம் ஏழு மாடுகள். எல்லோர் வீட்டிலும் ஒரு தடவை முக்கிக் காட்டுகிறவள், என் வீட்டில் மட்டும் இரண்டு தடவை முக்குவாள்.