கிளாரா சிஸ்டர் திருத்திய டச்சுக் கடிதங்கள்

பாப்பாரப்பட்டிச் சந்தையில் அவரைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மாதா கோயில் உபதேசியார் வந்து பக்கத்தில் நின்றார். "லூர்தம்மா, கிளாரா சிஸ்டர் போயிட்டாங்களாம். ஹாலந்துலருந்து சாமியாருக்குத் தந்தி வந்திருக்குது" என்றார். கையிலிருந்த காயைப் போட்டுவிட்டுச் சிலுவை வரைந்துகொண்டேன். அதற்கு மேல் எதுவும் வாங்கத் தோன்றவில்லை.

கன்னியர் மடத்து விடுதியில் அவரோடு பத்து வருடம் இருந்தவள் நான். என்னை அத்தை என்று கூப்பிடும் பிள்ளைகளின் சோறும் ஜெபமும் என் பொறுப்பு, படிப்பு அவர் பொறுப்பு. அறுபதுகளின் நடுவில், ஹாலந்து ஆஸ்பத்திரி ஒன்று நர்ஸ் பயிற்சிக்கு நம் பக்கத்துப் பெண்களைக் கேட்டது. போகிறவர்களுக்கு டச்சு மொழியில் ஒரு கடிதமாவது எழுதத் தெரிய வேண்டும். ஏழு பெண்கள் சேர்ந்தார்கள். சொல்லிக் கொடுப்பதும் தேர்வு வைத்து மார்க் போடுவதும் ஹாலந்துக்காரரான சிஸ்டர்தான்.

அவர் மார்க் போட்ட விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு நாள், கேழ்வரகுக் களி கிண்டுவது எப்படி என்று டச்சில் எழுதச் சொன்னார். ஒரு பெண்ணின் தாளை எடுத்துக்கொண்டு நேராக என் அடுப்படிக்கு வந்தார். தாளைப் பார்த்தபடியே பானையை அடுப்பில் வைத்தார், தீ மூட்டினார், காய்ந்த பானையில் மாவைக் கொட்டினார். புகை கிளம்பியது.

"ஐயோ, மாவு கருகுது சிஸ்டர். தண்ணி ஊத்துங்க."

"தண்ணி எங்க எழுதியிருக்குது, லூர்தம்மா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். எழுதிய பெண்ணுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "புதுசா படிக்கிறவங்களுக்கு எழுத்து தப்பினா பென்சில். விஷயம் தப்பினாத்தான் சிவப்பு மை" என்பார் சிஸ்டர்.

கடைசித் தேர்வு வந்தது. குறித்த நாளில் வர முடியவில்லை, காரணம் இது, இன்ன நாளில் வருவேன், ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்புங்கள் என்று தலைமை நர்சுக்கு எழுத வேண்டும். அரை மணி நேரம். ஏழு பேரில் பிலோமினாவுக்குத்தான் இதில் எல்லாமே அடங்கியிருந்தது. ஏரியூர்ப் பக்கத்துக் குடியானவர் மகள். தேறாவிட்டால் தை மாதம் மாமன் மகனுக்குக் கட்டிவைப்பது என்று வீட்டில் முடிவு. அவளுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

காலை ஜெபம் முடிந்ததும் நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. "பெரிய எடத்துக்கு எழுதறீங்க. எடுத்த எடுப்புல சங்கதியக் கொட்டாதீங்கடி. அவங்க சொகமா, ஆத்தா அப்பன் சொகமா, மழை தண்ணி உண்டான்னு கேட்டுட்டு அப்பறமா உங்க சங்கதிய வைங்க" என்றேன். ஆறு பேர் தலையாட்டிவிட்டு மறந்துவிட்டார்கள். பிலோமினா சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்.

அவள் தாளைச் சிஸ்டர் எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார். தலைமை நர்சின் சுகம், அவர் பெற்றோர் சுகம், தம்பி தங்கைகள் சுகம், மாடு கன்று சுகம், இந்த வருட மழை, மாதாவிடம் அவர்களுக்காக வேண்டிக்கொள்வது. அதோடு மணி அடித்துவிட்டது. பென்சில் கோடு ஒன்றுகூட இல்லை. அடியில் சிவப்பு மை.

"ஒரு தப்பும் இல்லீங்களே சிஸ்டர்."

"இல்ல. நீங்க அந்த ஆஸ்பத்திரில இருக்கீங்க, இந்தக் கடுதாசி வருது. என்ன செய்வீங்க?"

"சந்தோசப்படுவனுங்க."

"அப்பறம்?"

ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்ப அதில் நாளே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான்தான் அப்படி எழுதச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் ஒரு நோட்டை எடுத்துவந்து, "இங்க கடுதாசி எப்படி எழுதுவாங்க? மொதல்லருந்து சொல்லுங்க" என்று கேட்டு இரண்டு பக்கம் குறித்துக்கொண்டார்.

மார்க்கை மாற்றவில்லை. பிலோமினா தேறவில்லை என்றே ஹாலந்துக்கு எழுதினார். கூடவே, இந்த ஊர் வழக்கத்தைக் கேட்காமல் நாலு மாதம் பாடம் நடத்தியது தன் பிழை, இன்னொரு தேர்வு வைக்க அனுமதி வேண்டும் என்றும் எழுதினார்.

பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை பிலோமினா என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அப்பா வந்து, "போதுமுங்க சிஸ்டர், புள்ளைய வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறன்" என்றார். "பதில் வரட்டும். வரலைன்னா நானே பஸ் ஏத்தி விடறேன்" என்று சிஸ்டர் அவரைத் திருப்பி அனுப்பினார்.

அனுமதி வந்தது. தேர்வன்று காலை சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "நீங்க சொன்னத நீங்களே மாத்திச் சொல்லணும், லூர்தம்மா. நான் சொன்னா அது டச்சுப் பாடம். நீங்க சொன்னாத்தான் அவளுக்கு அது மரியாதை."

நான் பிலோமினாவிடம் போய், "சொகம் ஒரு வரி கேளு, போதும். அப்பறம் சங்கதிய எழுது. அத்தை அன்னிக்குச் சொன்னது அந்தூருக்கு ஆவாது" என்றேன். அவள், "இத அன்னிக்கே சொல்லக்கூடாதா அத்தை?" என்றாள். மூன்று வாரத்தில் என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

இரண்டாவது தாளில் ஏழு பென்சில் கோடுகள். சிவப்பு இல்லை. ஏழு பேரும் ஒன்றாகவே ரயில் ஏறினார்கள்.

தேறாத முதல் தாளைச் சிஸ்டர் என்னிடம் கொடுத்துவிட்டார். என் ஜெபப் புத்தகத்தில் அது இருக்கிறது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே, கோணல் தமிழில் அவர் கைப்பட எழுதியது: "மறுபடி எழுத வேண்டும். பாதிப் பிழை என்னுடையது." மீதிப் பாதி யாருடையது என்று அவர் எழுதவில்லை. அந்தப் பாதியை நான் வைத்திருக்கிறேன்.