படம் ஆடக் கூடாது

அக்கா திரையில் புகைப்படங்களைப் பார்க்கும்போது இடது உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொள்வார். தெப்ராவில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த வீடியோ ஸ்டூடியோவில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் எடிட்டிங் செய்துகொண்டிருந்தோம். என்னைவிட நான்கு வயது மூத்தவர் என்பதால் அக்கா. மற்றபடி உறவு ஒன்றுமில்லை. கல்யாண வீடியோவின் தொடக்கத்தில் மணமக்களின் பழைய படங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து வருமே, அந்தப் பகுதி எப்போதும் அவர் பொறுப்பு. கண்ணைப் பொத்துவதை ஸ்டைல் என்று நினைத்து நாங்கள் எல்லோரும் கிண்டல் செய்வோம். அவரும் மறுத்ததில்லை.

புகைப்படம் அசையாத பொருள்தான். ஆனால் அதை வீடியோவில் போட்டு மெல்லப் பெரிதாக்கினால் அதிலுள்ள மெல்லிய கோடுகள் சும்மா இருப்பதில்லை. சேலைக் கட்டம், சன்னல் கம்பி, கோடுபோட்ட சட்டை எல்லாம் ஈ மொய்ப்பதுபோல் சிமிட்டத் தொடங்கிவிடும். திரையின் புள்ளியைவிடக் கோடு மெல்லியதாக இருந்தால் ஒரு கணம் தெரியும், மறு கணம் மறையும். அதை நிறுத்த எங்களுக்குத் தெரிந்த வழி, படத்தைத் துளி மங்கலாக்குவது. அக்கா துளியோடு நிற்க மாட்டார். "படம் ஆடக் கூடாதும்மா" என்று சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் மங்கலாக்குவார். அவர் கைபட்ட படத்தைப் பார்க்க மாப்பிள்ளைக்கே மூக்குக்கண்ணாடி வேண்டும் என்பார் எங்கள் கேமராமேன். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஒரு மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது அக்கா நாற்காலியோடு சாய்ந்தார். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நினைவு திரும்பியதும் அவர் முதலில் கேட்டது, "பாஸ் பாத்தாரா?" என்றுதான். சின்ன வயதிலிருந்தே வலிப்பு இருக்கிறதாம். சிமிட்டும் வெளிச்சமும் ஆடும் கோடுகளும் அவருக்கு ஆகாது. ஒரு கண்ணை மூடினால் ஓரளவு தாங்கும்.

"மாத்திர ஒழுங்கா போட்டா வராது. பாஸ்கிட்ட மட்டும் சொல்லிடாத. சொன்னா நாளைக்கே என் மேசய காலி பண்ணிடுவாரு. எனக்கு இந்த ஒரு வேலதான் தெரியும்" என்றார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. என் பக்கத்தில் நல்லதென்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது.

பிறகு பத்து பாகாட் என்ற ஊரிலிருந்து ஒரு கல்யாண வேலை வந்தது. முன்னோட்டம் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா, பட்டுச்சேலைக் கரையே தெரியவில்லை என்று ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனார். அன்று அக்கா விடுப்பு. பாஸ் என்னிடம், "எல்லாத்தையும் ஷார்ப்பா மாத்து. ஒங்க அக்காகிட்ட சொன்னா கேக்க மாட்டாங்க, நீ பண்ணு" என்றார். நாற்பது படங்களிலும் மங்கலை எடுத்தேன். எங்கள் சின்னத் திரையில் எதுவும் பெரிதாக ஆடவில்லை. கரையில் இருந்த மாங்காய்கூடத் தெளிவாகத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. தன் வசதிக்காக அக்கா எல்லாப் படத்தையும் கெடுத்துவிடுகிறார் என்றுகூட நினைத்தேன். மண்டபத்தில் வீடியோவை ஓட்டப்போவது நான்தானே என்ற தைரியம் வேறு.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அம்மாவை மறுபடி பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. வயிற்றுவலி என்று பொய் சொன்னேன். எனக்குப் பதிலாக அக்கா கிளம்பினார். "கஞ்சி குடிச்சிட்டு படு, நான் பாத்துக்கறேன்" என்று போனில் சொன்னார். மங்கலை எடுத்துவிட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் என்னிடம் கேட்காமல் எடுத்தாய் என்பாரே என்று பயந்து சும்மா இருந்துவிட்டேன்.

மண்டபத்தில் சுவரளவு எல்இடி திரை. அதன் ஒவ்வொரு புள்ளியும் உளுந்து அளவு. முதல் படத்திலேயே மணப்பெண்ணின் அம்மா கட்டியிருந்த கட்டம்போட்ட பட்டு முழுசாகச் சிமிட்டியதாம். அக்காவின் ஒரு கை மடிக்கணினியில். இன்னொரு கையில் யாரோ அப்போதுதான் மைக்கைக் கொடுத்திருந்தார்கள். மூன்றாவது படத்தில் மேடை ஓரத்திலிருந்து கீழே விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் பாஸ், தான் சொன்னதையே மறந்தவர்போல், யார் படத்தை இப்படி மாற்றியது என்று கேட்டபோது, "நான்தான் பாஸ்" என்று சொன்னாராம். எல்லாம் கேமராமேன் சொல்லித் தெரிந்தது. அடுத்த வாரமே அக்காவின் மேசையில் வேறு ஆள்.

பதினோரு நாள் அவர் வார்டில் இருந்தார். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று நான் தள்ளிப்போட்டேன். அவர் லாயாங் லாயாங்கில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது.

எட்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது படச் சிமிட்டலை நிறுத்த மென்பொருளிலேயே டிக் போட ஒரு கட்டம் இருக்கிறது. தேவையில்லாத படத்துக்கும் அதைத் தட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்க்கிறேன். போன மாதம் கோயில் திருவிழாவைப் படம்பிடிக்க லாயாங் லாயாங் போனோம். ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கடையில் அக்கா பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அக்கா, அன்னிக்கு மங்கல எடுத்தது நான்தான். ஒங்ககிட்ட சொல்லியிருக்கணும்" என்றேன்.

"தெரியும்லா. மொத படம் ஆடுனப்பவே தெரியும். பாஸ் சொல்லித்தானே பண்ணுன. அதுல எனக்குக் கோவம் இல்ல." நூலைக் கடித்து அறுத்தார். "ஏன் ஆஸ்பத்திரிக்கு வரல?"

"வந்தேன்க்கா. ஒரு நாள் ஆரஞ்சு வாங்கிக்கிட்டு லிப்ட் வரைக்கும் வந்தேன். மேல வர பயமா இருந்துச்சு."

அவர் என்னையே பார்த்தார். "அஞ்சாவது மாடிதானேம்மா" என்றார். "வாசலப் பாத்துக்கிட்டே படுத்திருந்தேன்."

யாரோ பிள்ளைக்குச் சட்டை அளவு கொடுக்க வந்தார்கள். "உக்காரு, வந்துடறேன்" என்று அக்கா அளவு நாடாவோடு எழுந்தார். வேன் காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் கடையை விட்டு இறங்கி நடந்தேன். திருவிழா முடியும்வரை வேன் எங்கும் போவதாக இல்லை.